இளைப்பாற்றுதல் இறைவன் தொழில்



மலைமேல் மரகதாம்பாளுடன் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேசுவரப் பெருமானின் தேர்த் திருவிழாவை முன்னிட்டுக் கூடியிருக்கும் இந்தப் பேரவையில், 'துயிலும் விழிப்பும்' என்னும் பொருள்பற்றிச் சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகிறேன்.

"சமயச் சொற்பொழிவில் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சொற்பொழிவில் தூங்குவதுதானே வழக்கம்!" என்று சிலர் எண்ணலாம். நாற்பது ஆண்டுகளாக மேடையில் அமர்ந்து பேசுகிறவனுக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். முன்வரிசையில் அமர்ந்து, நான் சொல்வதற்கெல்லாம் தலையை அசைத்து ஆமோதிக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. சற்று உற்றுப் பார்த்தால் அது ஆமோதிப்பு அன்று, உறக்கம் என்பது விளங்கும். ஆயினும் அவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. ஏன் என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பிறை சூடிய பெருமான்

நம் பெருமானுக்குச் சந்திரசூடர் என்பது திருநாமம். சந்திரனைச் சூடியவர் என்பது அதன் பொருள். எந்தச் சந்திரனைச் சூடினார்? முழு நிலவையா? இல்லை. தேய்ந்து தேய்ந்து ஒரே ஒரு கலையாய் எஞ்சி நின்ற பிறையைச் சூடினார்.

தக்கன் தன் மகளிர் இருபத்தெழுவரையும் சந்திரனுக்கு மணம் செய்து கொடுத்தான். சந்திரனோ உரோகிணி ஒருத்தியிடமே அன்பு பாராட்டினான். அது கண்டு வெகுண்ட தக்கன், "நாளுக்கு ஒரு கலையாகத் தேய்ந்து போ" என்று சபித்தான். ஒளி இழந்து, உடல் மெலிந்து, நடக்கவும் மாட்டாதவனாய்ச் சந்திரன் சிவபெருமான் திருவடியில் வந்து விழுந்தான். பெருமான் என்ன செய்தார்? "நீ செய்தது பிழை, எழுந்து நில், விசாரணை செய்வோம்" என்றாரா? தளர்ந்தவனைத் தூக்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார். முதலில் தாங்கினார். தாங்கிய பிறகு வளர்த்தார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாபத்தை முழுவதும் நீக்கி, "இனி நீ எந்நாளும் முழு நிலவாகவே இரு" என்று பெருமான் அருளவில்லை. தேய்வதும் வளர்வதுமாக இரு என்றே அருளினார். தேய்வு உண்டு, தேய்வுக்குப் பின் வளர்ச்சியும் உண்டு. நம் உடம்பின் இயல்பும் இதுவே. பகலெல்லாம் தேய்கிறது, இரவில் வளர்கிறது. தேய்பிறை மட்டும் இருந்து வளர்பிறை இல்லையானால் நிலவு ஏது? உழைப்பு மட்டும் இருந்து உறக்கம் இல்லையானால் உடம்பு ஏது?

அழித்தல் என்பது இளைப்பாற்றுதல்

ஐந்தொழிலில் அழித்தல் ஒன்று. கருணையே வடிவான கடவுள் அழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அருமையான விடை தந்திருக்கிறார். அழித்தல் என்பது உயிர்களின் இளைப்பை ஆற்றுவதே என்பது அவர் காட்டும் கருத்து. பிறந்து பிறந்து, வினைகளைச் செய்தும் நுகர்ந்தும் களைத்துப் போன உயிர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று திருவுளம் கொண்டே உலகத்தை ஒடுக்குகிறான் இறைவன். விளையாடிக் களைத்த குழந்தையின் கையிலிருந்து பொம்மையை வாங்கி வைத்துவிட்டு, தாய் விளக்கைத் தணிக்கிறாள். குழந்தை அழலாம். ஆனால் தாய் செய்தது கொடுமை ஆகுமா?

ஊழிக் காலத்தில் உலகுக்கு நிகழும் அந்த இளைப்பாற்றுதல் இரவுதோறும் நமக்குச் சிறு அளவில் நிகழ்கிறது. அதற்குத்தான் உறக்கம் என்று பெயர். ஆகவே உறக்கம் இறைவனுடைய அருட்கொடை. அதை மறுக்கிறவன் ஒரு திருவருளைத் திருப்பி அனுப்புகிறான்.

நம் ஆலயங்களிலே பாருங்கள். அர்த்தசாம பூசை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். பால் நிவேதனம் செய்து, ஊஞ்சல் பாட்டுப் பாடி, கதவைச் சாத்துகிறோம். விடியலில் பள்ளியெழுச்சி பாடித் துயில் எழுப்புகிறோம். உச்சிக்காலப் பூசை முடிந்தால் நடை சாத்தி, மாலையில் மீண்டும் திறக்கிறோம். உறக்கமே இல்லாத பெருமானுக்குப் பள்ளியறை எதற்கு? நமக்கு வழி காட்டுவதற்காக! இரவில் முழு ஓய்வு, நண்பகலில் சிறு ஓய்வு என்று கோயிலின் நாள் ஒழுங்குபட்டிருக்கிறது. வீட்டின் நாள்தான் ஒழுங்கு கெட்டுக் கிடக்கிறது.

பொதிசோறு தந்த கருணை

அப்பர் சுவாமிகள் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து செல்கிறார். கடும் வெயில், நீண்ட வழி, பசியும் தாகமும் வருத்துகின்றன. முதுமை எய்திய திருமேனி. சேக்கிழார் பெருமான் இந்த இடத்தை உருக்கமாகப் பாடியிருக்கிறார். களைத்து வரும் அடியவருக்காக வழியிலே ஒரு சோலையையும் ஒரு குளத்தையும் உண்டாக்கினார் இறைவர். தாமே ஓர் அந்தணர் வடிவில் கையில் பொதிசோற்றுடன் காத்திருந்தார். "மிகவும் இளைத்திருக்கிறீர், இதை உண்டு, நீர் பருகி, இளைப்பாறிச் செல்லும்" என்னும் கருத்துப்பட மொழிந்தார். அப்பர் உண்டார், களைப்பு நீங்கினார், பிறகு அந்த அந்தணரும் உடன் வர, திருப்பைஞ்ஞீலி நோக்கி நடந்தார்.

அடியவர் தளர்ந்தபோது ஆண்டவன் அனுப்பியது அறிவுரையை அன்று. நிழலை, நீரை, சோற்றை. "பக்தி இருந்தால் களைப்புத் தெரியுமா?" என்று அவர் கேட்கவில்லை. நாவுக்கரசரைவிட பக்தி உடையவர் யார்? அவருக்கே களைப்பு வந்தது. ஆகவே களைப்பு வருவது பக்திக் குறைவு அன்று, பாவமும் அன்று.

நான்கு வகைச் சோர்வு

அப்படியானால் திருவள்ளுவர் உறக்கத்தைக் கடிந்தாரே என்று கேட்பீர்கள். மடியின்மை என்னும் அறுபத்தோராம் அதிகாரத்தில், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், துயில் என்னும் நான்கையும் கெட்டுப் போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்கிறார். உண்மை. ஆனால் சோம்பலையும் துயிலையும் அவர் தனித்தனியே எண்ணியிருக்கிறார். இரண்டும் ஒன்றாயின் மூன்று என்றல்லவா சொல்லியிருப்பார்? விரும்பி ஏறுதல் என்பதையும் கவனியுங்கள். விரும்பித் தூங்குகிறவனை அவர் இடித்துரைக்கிறார். உழைத்துத் தளர்ந்தவனை அன்று.

பகலில் கண் செருகுகிறதா? உடனே உங்களை நீங்களே வைதுகொள்ளாதீர்கள். இது எந்த வகை என்று முதலில் பகுத்துப் பாருங்கள். நோய் இன்னது என்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகு தணிக்கும் வழியை நாடுக என்பதும் வள்ளுவர் காட்டிய முறைதான்.

முதல் வகை, கடன் சோர்வு. இரவில் உறங்காத கடனைப் பகல் வந்து கேட்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். நாள்தோறும் 5 மணி நேரம் உறங்குகிறவன் ஒரு வாரத்தில் 14 மணி நேரம் கடன்படுகிறான். இதற்கு மருந்து உறக்கம் ஒன்றே. தேநீர் கடனை ஒத்திவைக்குமே ஒழிய அடைக்காது. மாலையில் குடித்த காபியின் சாரத்தில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழிந்தும் உடம்பில் தங்கி, வர வேண்டிய உறக்கத்தையும் வாயிலில் நிறுத்திவிடுகிறது.

இரண்டாம் வகை, வேளைச் சோர்வு. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதன் நுட்பத்தைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரம் பின்னிரவிலும், அதைவிடச் சிறிதாகப் பிற்பகலிலும் உடம்பைத் தணிக்கிறது. வயிறு புடைக்க உண்டால் அந்தத் தணிவு இன்னும் மிகும். அளவாக உண்பதும், இருபது நிமிடம் கண்ணயர்வதும், எழுந்து முகம் கழுவி வெளிச்சத்தில் சிறிது நடப்பதும் இதற்குப் பரிகாரம். இருபது நிமிடம் என்பதை இரண்டு மணியாக்கினால் அன்றிரவின் உறக்கம் போய்விடும்.

மூன்றாம் வகை, நோய்ச் சோர்வு. இரவில் போதிய அளவு உறங்கியும் பகலெல்லாம் சோர்வு நீங்கவில்லையானால் மருத்துவரைக் காணுங்கள். இரத்தச் சோகை இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கலாம். தைராய்டுக் குறை இருக்கலாம். உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும் இருந்தால், அதுவே மருத்துவம் செய்துகொள்ள வேண்டிய ஒரு நோய். சளி, ஒவ்வாமைக்குத் தரும் சில மாத்திரைகளும் தூக்கத்தை வருவிக்கும். திருநீறு பூசிக்கொள்ளுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். உடம்பினுள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதை அறிந்து உடம்பைப் பேணியவர் திருமூலர். நாமும் பேண வேண்டாமா?

நான்காம் வகைதான் மடி. உறக்கக் குறைவும் இல்லை, நோயும் இல்லை. மனத்துக்கு விருப்பம் இல்லை. இதை அறிவது எளிது. வேலையை மாற்றிப் பாருங்கள். சொற்பொழிவின்போது கொட்டாவி விட்டவர், "சுண்டல் வழங்குகிறார்கள்" என்ற ஒலி கேட்டதும் வரிசையில் முதலில் நின்றால், அவருக்கு வந்தது களைப்பு அன்று. வள்ளுவர் இடித்துரைத்தது இந்த நான்காம் வகையைத்தான். நாமோ நான்கையும் ஒன்றாகக் கட்டி, சோம்பேறி என்று ஒரே பெயர் சூட்டிவிடுகிறோம்.

மூன்று ஷிப்டு ஊர்

இந்த ஊரில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் குளிர்ச்சிக்கும் தோட்டங்களுக்கும் பேர்பெற்ற ஊர் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. உலகத்துக்கெல்லாம் நேரம் காட்டும் கடிகாரத்தைச் செய்து அனுப்பும் ஊரில், அதைச் செய்கிறவனுக்கு இரவும் பகலும் மாறிப் போயின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. மூன்று மொழி வீடுகளிலும் மூன்று ஷிப்டு உண்டு. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர்கள் எத்தனை பேர்! அயலூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்யும் பெண்மக்கள் எத்தனை பேர்! ரோஜாவையும் காய்கறியையும் நள்ளிரவில் வண்டி ஏற்றும் உழவர்கள் எத்தனை பேர்! சங்கு ஊதாத ஷிப்டு ஒன்றும் உண்டு. நான்கு மணிக்கு எழுந்து எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, எல்லோரும் உறங்கிய பிறகு படுக்கும் தாயின் ஷிப்டு அது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று வகுத்தது. சட்டம் செய்தவர்கள் சித்தாந்தம் படித்தார்களோ இல்லையோ, இளைப்பாற்றுதல் அறம் என்பதை உணர்ந்திருந்தார்கள். இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு ஒரு கண நேரக் கண்ணயர்வு போதும், விரல் போய்விடும். முதலாளிமார்களும் மேற்பார்வையாளர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். திருப்பைஞ்ஞீலி வழியில் பொதிசோற்றுடன் நின்றவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஒருவாறு தாங்கும். தலைகீழாக மாற்றினால் தாங்காது. இதுவும் ஒரு தண்ணீர்ப் பந்தல்தான்.

வழிபட்டுத் திரும்பும் வழி

இனிச் சொல்லப்போவதை இளைஞர்கள் உள்ளத்தில் கொள்ள வேண்டும். பௌர்ணமிதோறும் இந்தப் பகுதியிலிருந்து அன்பர்கள் திருவண்ணாமலைக்குச் செல்கிறார்கள். பகலெல்லாம் வேலை, மாலையில் வண்டி, இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம், பின்னிரவில் மீண்டும் வண்டி. காலை ஷிப்டுக்கு வந்து சேர வேண்டுமே! அப்போது வண்டியை ஓட்டுகிறவர் கண் விழித்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று யாராவது எண்ணினோமா?

ஆஸ்திரேலியாவில் நடந்து 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விதித்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். குடித்துவிட்டு ஓட்டுபவனைப் பழிக்கிறோம். நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு சொட்டு மதுவும் தொடாத அடியவர் அதே நிலையில் ஓட்டுகிறார். அவரை வாழ்த்தி வழியனுப்புகிறோம்!

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று விநாடியில் 66 மீட்டர் ஓடிவிடும். கண் மூன்று விநாடி மூடினால், ஓட்டுபவர் இல்லாத வண்டி 66 மீட்டர் ஓடுகிறது என்று பொருள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. லாரிகள் இரவெல்லாம் ஓயாது செல்லும் சாலை. சன்னலைத் திறந்து காற்று வாங்குவதும், பாட்டை உரக்க வைப்பதும் அந்த உறக்கத்தை வெல்ல மாட்டா. கொட்டாவி அடுக்கடுக்காக வந்தால், கடந்து வந்த ஊர் நினைவில் இல்லை என்றால், அதுவே எச்சரிக்கை. வெளிச்சமுள்ள பாதுகாப்பான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். இருபது நிமிடமாவது உறங்குங்கள். முடியுமானால் விடியும் வரை உறங்கிவிடுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். அண்ணாமலையார் கோபிக்க மாட்டார்.

"சிவராத்திரியில் கண் விழிக்கச் சொன்னது சைவம்தானே?" என்று கேட்கலாம். ஆம். வேடன் வில்வ மரத்தின்மேல் இருந்து, உறக்கம் வராதிருக்க ஒவ்வோர் இலையாகப் பறித்துக் கீழே இட்ட கதையை எல்லோரும் அறிவீர்கள். ஆனால் மகா சிவராத்திரி ஆண்டுக்கு ஒன்றுதான். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நாள்தோறும் சிவராத்திரி கொண்டாடச் சைவம் சொல்லவில்லை. அந்த ஓர் இரவு விழித்தாலும், மறுநாள் வண்டியின் சக்கரத்தைத் தொடுமுன் உறங்கி எழுங்கள்.

பகலில் உறங்குபவனுக்குப் பள்ளியறை

இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு ஒருவன் வீடு திரும்புகிறான். அவனுக்கு அதுதான் அர்த்தசாமம். ஆனால் வீட்டுக்கு அது விடியல். மிக்ஸி ஓடுகிறது, தொலைக்காட்சி பேசுகிறது, "பகலில் என்ன தூக்கம்?" என்று உறவினர் கேட்கிறார், மளிகைக் கடைக்கு அவனையே அனுப்புகிறார்கள். தாய்மார்களே! சுவாமியின் பள்ளியறைக் கதவைச் சாத்திய பிறகு அங்கே யாரேனும் உரக்கப் பேசுவோமா? உங்கள் வீட்டில் உறங்குபவனுக்கும் அத்தகைய பள்ளியறை ஒன்று அமைத்துக் கொடுங்கள். சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். சிறிதளவு உணவு கொடுத்துப் படுக்கச் செய்யுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கட்டும். இரவுப் பணிக்குச் செல்லும் பெண்ணாயின், "வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது திருப்பணிக்குச் சமம்.

விழாக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். எந்த ஊர்க் கோயிலாயினும் இது பொருந்தும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பகலில் உறங்கும் தொழிலாளிக்கு விதியின் துணை குறைவு. நம் அன்பின் துணைதான் உண்டு. தெருவுக்கு நான்கு குழாய் கட்டி, காலை முதல் மாலை வரை பாட்டு வைப்பதால் பெருமான் மகிழ்வாரா? மார்கழியில் பாடும் திருவெம்பாவையை எண்ணிப் பாருங்கள். உறங்கும் பெண்ணை எழுப்புகிறவள் அவளுடைய தோழி; வாயிலில் வந்து நின்று, கேலியும் அன்புமாக, இரவு கழிந்த பிறகு எழுப்புகிறாள். குழாய் கட்டி எழுப்பவில்லை! தேவாரம் கோயிலுக்குள் ஒலிக்கட்டும். மதிலுக்கு வெளியே ஒலியைத் தணியுங்கள். உறங்கும் தொழிலாளியின் இளைப்பை ஆற்றினால், ஐந்தொழிலில் ஒன்றுக்கு நாம் கைத்தொண்டு செய்தவர்கள் ஆவோம்.

எது விழிப்பு?

உறக்கத்துக்கு உரியதைக் கொடுத்துவிட்டோம். இனி விழிப்புக்கு உரியதைப் பார்ப்போம். கண் திறந்திருப்பது மட்டும் விழிப்பு ஆகாது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று உயிரின் நிலைகள் ஐந்து என்கிறது சித்தாந்தம். ஆணவ இருள் உள்ளவரை நனவிலும் உயிர் ஒரு வகையில் உறங்கிக்கொண்டே இருக்கிறது. அருகில் ஒருவன் தளர்ந்து நிற்பதைக் கண்டும் காணாதவன் கண் திறந்த உறக்கத்தில் இருக்கிறான்.

கண்ணப்ப நாயனார் காளத்தி மலையில் இரவெல்லாம் வில்லேந்தி நின்றார். எதற்கு? புகழுக்கா, பொருளுக்கா? "என் ஐயன் தனித்திருக்கிறாரே, விலங்குகள் ஏதேனும் செய்துவிடுமோ" என்ற பரிவினால். பிறரைக் காக்கும் அன்பிலிருந்து எழுந்த விழிப்பு அது. இரவு முழுவதும் நோயாளியின் அருகில் நிற்கும் செவிலியும், கொதிகலனைக் காக்கும் தொழிலாளியும், பேருந்தில் ஐம்பது உயிரைச் சுமந்து செல்லும் ஓட்டுநரும் கண்ணப்பர் வழியில் நிற்பவர்கள். அவர்கள் விழித்திருப்பதால் நாம் உறங்குகிறோம். ஆகவே அவர்கள் உறங்கும்போது நாம் விழித்திருந்து காக்க வேண்டாமா? அதுதானே கைம்மாறு?

பணியில் இருப்பவர்கள் ஐந்தெழுத்தை உள்ளத்தில் எண்ணிக்கொண்டே பணி செய்யுங்கள். மனம் ஒருமைப்படும். ஆனால் அதை உறக்கத்தின் கடனை அடைக்கும் நாணயமாக எண்ணிவிடாதீர்கள். உறக்கம் மேலிட்டால், "எனக்கு இயலவில்லை" என்று மேலாளரிடம் சொல்வதில் இழிவு இல்லை. தேய்ந்து வந்த சந்திரனும் அதைத்தான் சொன்னான். சொன்னதனால்தான் திருமுடியில் இடம் பெற்றான்.

நாளை தேரின் வடம் பிடிக்க வேண்டும். இரவுப் பணிக்குச் செல்பவர்கள் இப்போதே எழுந்து செல்லலாம். நான் குறையாக நினைக்க மாட்டேன். மற்றவர்கள் வீடு சென்று காலத்தோடு உறங்குங்கள். முன்வரிசையில் உறங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களை அருகில் இருப்பவர்கள் தோளைத் தொட்டு மெல்ல எழுப்பி, கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். பிறை சூடிய பெருமான் எல்லோருக்கும் நல்ல துயிலையும் நல்ல விழிப்பையும் அருள்வாராக!

திருச்சிற்றம்பலம்.